குழிக்குள் தெரிந்த வெளிச்சம்

தண்ணீர் வாரியத்தில் மீட்டர் எண் குறிக்கும் வேலைக்கு வந்து இருபத்தெட்டு வருஷம் ஆகியும் மீட்டர்காரர் ஒரு தடவைகூட உத்தேசமாக ஓர் எண்ணை எழுதியதில்லை. மற்றவர்கள் எழுதுவார்கள். மழை பெய்தால், கேட் பூட்டியிருந்தால், கால் வலித்தால், போன மாத எண்ணோடு ஒரு பதினைந்தைக் கூட்டிப் போட்டுவிட்டு நடையைக் கட்டுவார்கள். இவர் அப்படியில்லை. கண்ணால் பார்த்த எண் எண் கட்டத்தில். மற்றதெல்லாம் பக்கத்தில் இருக்கும் குறிப்புக் கட்டத்தில். 'மூடிமேல் பூந்தொட்டி, நகர்த்த மறுத்தனர்.' 'மீட்டருக்குள் எறும்பு, எண் தெரியவில்லை.' 'நாய் அவிழ்த்து விடப்பட்டிருந்தது, வீட்டுக்காரர் கடிக்காது என்றார், கடித்தது.'

வேலை அவருக்குப் பிடித்திருந்தது. காலை எட்டு மணிக்குத் தோள்பையை மாட்டிக்கொண்டு கிளம்பினால் சாயங்காலம் வரை ஏனென்று கேட்க ஆளில்லை. பதினாலு தெரு, அறுநூற்றுச் சொச்சம் மீட்டர். எந்த வீட்டு மீட்டர் குழியின் மூடியை எந்தப் பக்கம் நெம்பினால் திறக்கும் என்பது அந்தந்த வீட்டுக்காரர்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் பயந்ததெல்லாம் ஒன்றுக்குத்தான். ஆபீசின் வாசலை ஒட்டி இருந்த புகார் கவுண்டர். ஒரு சின்ன ஜன்னல், சத்தம் மட்டும் போடும் மின்விசிறி, ஜன்னலுக்கு அந்தப் பக்கம் காலை பத்து மணியிலிருந்து கோபமான முகங்கள். முட்டி போனவர்களையும் கண் போனவர்களையும் வாரியம் அங்கேதான் கொண்டுபோய் உட்கார வைக்கும். அங்கே போன ரெண்டு பேரில் ஒருவர் ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் யாரோடும் பேசுவதில்லை என்று கேள்வி. இன்னொருவர் எல்லோரிடமும் "நாளைக்கு வாங்க" என்கிறாராம், பெற்ற பிள்ளைகளிடமும்.

நாலு வருஷமாக மீட்டர்காரரின் கண்ணில் கோளாறு. தூரத்தில் போகும் பஸ்ஸின் நம்பர் பளிச்சென்று தெரியும். கையில் இருக்கும் பஸ் டிக்கெட் தெரியாது. குழிக்குள் தலையை விட்டுப் பார்த்தால் எண்கள் கலங்கும். தலையை வெளியே வைத்துப் பார்த்தால் குழியின் இருட்டு மறைக்கும். அப்போதுதான் பையின் அடியில் கிடந்த, குழாய்க்குப் பின்னால் மறைந்திருக்கும் மீட்டரைப் பார்ப்பதற்காக வாரியம் எல்லோருக்கும் கொடுத்திருந்த, நீளக் கம்பியில் பொருத்திய உள்ளங்கை அகல முகம் பார்க்கும் கண்ணாடி நினைவுக்கு வந்தது. அதைக் குழியின் எதிர்ச் சுவரில் சாய்த்து வைத்தால் வானத்து வெளிச்சம் மீட்டர்மேல் விழும். எண்ணும் எட்டத்துக்குப் போய்த் தெளிவாகும். இடவலம் மாறித் தெரியும், அவ்வளவுதான். முதல் மாதம் இரண்டும் ஐந்தும் அவரை ஏமாற்றப் பார்த்தன, அப்புறம் ஓய்ந்துபோயின. நாலு வருஷமாக ஒரு மீட்டர் விடாமல் இப்படித்தான். முழங்காலில் நிற்கச் சோம்பல் என்று சக ஊழியர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவர் மனைவி. வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாளிடம் எதையும் மறைக்க முடியாது.

"ஊசில நூல் கோத்துக் குடுங்கன்னா கை நடுங்குதுங்கறீங்க. சாப்பிடறப்ப நடுங்கலயே."

"அது வேற கை."

"ஒரு மூக்குக்கண்ணாடி போட்டா முடியற விஷயம்."

"போட்டா கவுண்டர்தான். வாழ்க்கையே முடிஞ்சிடும்."

"அப்ப இப்படியே போங்க. ஒருநாள் யார் வீட்டுக் குழியிலயாவது விழுந்து கிடப்பீங்க, நான் மீட்டர் மாதிரி எட்டிப் பாத்துக்கறேன்."

அந்த வியாழக்கிழமை அவர் கடைசியாகப் போனது ராணுவ அதிகாரிகளின் குடியிருப்பு வரிசைக்கு. பதினோராம் எண் வீட்டில் கசிவு இருக்கிறதோ என்று சந்தேகம். வீட்டில் எல்லாக் குழாயையும் மூடச் சொல்லிவிட்டு, சின்ன முள் நகர்கிறதா என்று நாற்பது எண்ணும் வரை பார்க்க வேண்டும். மணி மாலை ஐந்து ஐம்பது. வெயில் போய்விட்டது, வானத்தில் கொஞ்சம் வெளிச்சம் பாக்கி. குந்தி உட்கார்ந்து, கண்ணாடியைச் சாய்த்து, "ஒண்ணு" என்று எண்ணத் தொடங்கியபோது கண்ணாடியின் மேல்பாதியில் பச்சையாக ஒரு புள்ளி வந்தது. முதலில் ஏதோ பூச்சி என்று நினைத்தார். துடைத்துப் பார்த்தார், போகவில்லை. மெதுவாக நகர்ந்தது. இருபது எண்ணும்போது நின்றது. மறுபடி நகர்ந்தது. நாற்பதில் அணைந்தது. முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து அவர் திரும்பிப் பார்த்தபோது வானம் எப்போதும் போல இருந்தது.

குறிப்புக் கட்டத்தில் எழுதினார்: 'மாலை 5.50. வானில் பச்சை வெளிச்சம், பட்டாணி அளவு, வடக்கிலிருந்து தெற்கு, நடுவில் நின்றது, நாற்பது எண்ணும் நேரம். கசிவு இல்லை.'

அந்தக் குடியிருப்பின் மீட்டர் தாளில் ஒரு நகல் மாதாமாதம் ராணுவ முகாமுக்குப் போகும். அங்கே அதை யாரும் படித்ததில்லை. வாங்கி, முத்திரை குத்தி, கட்டில் சேர்ப்பார்கள். அந்த மாதம் புதிதாக வந்த ஒருவர் வேலை தெரியாமல் அதைப் படித்துவிட்டார். படித்ததோடு நில்லாமல் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு மேலே அனுப்பினார். மேலே இருந்தவர் கேள்விக்குறியைச் சிவப்பாக்கி இன்னும் மேலே அனுப்பினார். அது ஏற வேண்டிய படியெல்லாம் ஏறி, இறங்க வேண்டிய படியெல்லாம் இறங்கி, அதை வேறு யார் தலையிலும் கட்ட முடியாத ஒரு கேப்டனின் மேசையில் வந்து நின்றது.

மூன்றாவது வாரம் வாரிய வாசலில் ஜீப் வந்து நின்றது. மேலாளர் அம்மா மீட்டர்காரரைக் கூப்பிட்டனுப்பினார். மேசைமேல் ஒரு தூசி இருந்தாலும் பேச்சைத் தொடங்காதவர் அவர். துடைத்து முடித்துவிட்டுக் கேட்டார்.

"என்ன எழுதி வச்சிருக்கீங்க?"

"பாத்ததை மேடம்."

"தண்ணி மீட்டர்ல வானம் எதுக்கு வந்துச்சு?"

"குறிப்புக் கட்டம் காலியா இருந்துச்சு மேடம்."

"காலியா இருந்தா காலியாவே விடுங்க. இருபத்தெட்டு வருஷத்துல இதுகூடத் தெரியலயா? ராணுவம் உங்க வீட்டுக்கு வருதாம். வீட்டைப் பெருக்கி வைக்கச் சொல்லுங்க."

வீட்டைப் பெருக்கி வைத்தும் பயனில்லை. முன்னறை முழுக்க வெட்டிப் போட்ட துணி. கேப்டனுக்கு முப்பது வயதிருக்கும். சிரிப்பதற்குத் தனி உத்தரவு வேண்டும் என்பது போல முகம். கூடவே வயதான சார்ஜென்ட் ஒருவர், கையில் முப்பத்திரண்டு பக்கப் படிவம். கேப்டன் உட்கார்ந்த நாற்காலியில் ஒரு குண்டூசி இருந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. ராணுவப் பயிற்சி என்றால் என்ன என்று மீட்டர்காரருக்கு அப்போதுதான் புரிந்தது.

"பொருளோட அளவு சொல்லுங்க" என்றார் கேப்டன். "யானை, பஸ், கார், சைக்கிள். இதுல எது?"

"பட்டாணி சார்."

"அது படிவத்துல இல்ல."

"பக்கத்துல எழுதிக்கலாமே."

"பக்கத்துல இடமில்ல" என்றார் சார்ஜென்ட், வருத்தத்தோடு.

"சைக்கிள்னு போடுங்க" என்றார் கேப்டன்.

"சைக்கிள் இல்ல சார். நான் சைக்கிள் பாத்திருக்கேன்."

சார்ஜென்ட் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போனார்கள்.

"பாத்தப்ப பயம் வந்துச்சா?"

"எண்ணிக்கிட்டு இருந்தேன் சார். பயந்தா எண்ணிக்கை தப்பிடும்."

"குடிப்பழக்கம்?"

"அதுக்கெல்லாம் அவருக்குத் தைரியம் பத்தாதுங்க" என்றார் மனைவி, மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல்.

"குடும்பத்துல வேற யாராவது இந்த மாதிரி எதையாவது பாத்திருக்காங்களா?"

"எங்க அண்ணன் பதினஞ்சு வருஷமா வேலை தேடறாரு. அவரு கண்ணுல இதுவரைக்கும் எதுவும் படல." மறுபடி மனைவிதான்.

'இல்லை' என்று எழுதிக்கொண்டார் சார்ஜென்ட்.

கேப்டன் படிவத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். அங்கே ஐந்து கட்டங்கள். விமானம், பலூன், நட்சத்திரம், பட்டம், சாட்சியின் கண் கோளாறு. ஏதாவது ஒன்றில் குறி போட்டால்தான் விசாரணை முடியும். அந்த நேரத்தில் விமானம் எதுவும் இல்லை என்று விமான நிலையம் எழுதிக் கொடுத்துவிட்டது. பலூன் விடவில்லை என்று வானிலை அலுவலகம் சொல்லிவிட்டது. நட்சத்திரம் நடந்து போகாது. பட்டத்துக்குக் காற்றில்லை. நாலையும் அடித்துவிட்டு அவர் ஐந்தாவது கட்டத்தைப் பார்த்தார். மீட்டர்காரரும் தலைகீழாக அதையே பார்த்தார். எட்டத்தில் இருந்ததால் எழுத்து நன்றாகவே தெரிந்தது.

"திங்கட்கிழமை அதே இடத்துல, அதே நேரத்துல எனக்கு நடிச்சுக் காட்டணும்" என்றார் கேப்டன். "உங்க மேலாளரும் வருவாங்க."

அவர்கள் போன பிறகு மனைவி மெஷினை நிறுத்தினார்.

"அஞ்சாவதுல குறி போட்டா என்ன ஆகும்?"

"நகல் ஆபீசுக்குப் போகும். அடுத்த மாசம் நான் கவுண்டர்ல."

"அப்ப ஒண்ணும் பாக்கலன்னு சொல்லிடுங்க."

அவர் தோள்பையிலிருந்து முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

திங்கட்கிழமை பதினோராம் எண் வீட்டு முற்றத்தில் கேப்டன், சார்ஜென்ட், மேலாளர் அம்மா மூவரும் நின்றார்கள். வீட்டுக்காரர்கள் ஜன்னலில். மீட்டர்காரர் மூடியை நெம்பித் திறந்து, குந்தி உட்கார்ந்து, குழியைப் பார்த்தார்.

"வானம் மேல இருக்கு" என்றார் கேப்டன்.

"தெரியும் சார். நான் கீழதான் பாத்தேன்."

"வானத்தையா?"

"ஆமா சார்." பையிலிருந்து கண்ணாடியை எடுத்துச் சாய்த்துக் காட்டினார். கேப்டனும் பக்கத்தில் குந்தினார். உள்ளங்கை அகலத்தில் வானம் குழிக்குள் கிடந்தது.

"அப்ப வானத்தை நேரா நீங்க பாக்கவே இல்ல. இடது வலதாத்தான தெரிஞ்சிருக்கும். வடக்குன்னு எழுதினது தெற்கா இருக்கலாம்."

"நான் மாத்தித்தான் சார் எழுதினேன்."

"அது எப்படி எனக்குத் தெரியும்?"

சோதனை வைத்தார்கள். சார்ஜென்ட் டார்ச்சில் பச்சைத் துணி கட்டிக்கொண்டு மொட்டை மாடியில் ஏறினார். துணி மீட்டர்காரர் மனைவி கொடுத்தனுப்பியது, ஏதோ ஒரு பாவாடையின் வெட்டு. சார்ஜென்ட் கைப்பிடிச் சுவரை ஒட்டி இப்படியும் அப்படியும் நடந்தார். கண்ணாடியில் பார்த்து எந்தப் பக்கம் போகிறார் என்று சொல்ல வேண்டும். கேப்டன் ஐந்தில் மூன்று தப்பு. மேலாளர் அம்மா புடவையைச் செருகிக்கொண்டு குந்திப் பார்த்து நாலு தப்பு. மீட்டர்காரர் ஐந்துக்கு ஐந்து சரி. ஆறாவது தடவை, "இப்ப நடக்கல சார், நின்னு தும்மறாரு" என்றார். மேலேயிருந்து தும்மல் சத்தம் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தது.

கேப்டன் எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டினார். அந்த முகத்தில் முதல் தடவையாக ஏதோ அசைந்தது. மரியாதை என்று அதைச் சொல்லலாம். விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் அவர் எதையும் முழுதாகப் பார்க்கிற மனிதர். வீட்டுக்காரர்களிடம் ஒரு டார்ச் வாங்கி, தலையைக் குழிக்குள் விட்டு மீட்டரைப் பார்த்தார். ஐந்து எண்களையும் உரக்கப் படிக்க வாயெடுத்தவர் நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"மீட்டர் மேல பாத்துத்தான இருக்கு. நேராவே படிக்கலாமே. கண்ணாடி எதுக்கு?"

"பழக்கம் சார்."

"நல்ல கேள்வி" என்றார் மேலாளர் அம்மா. சேலையிலிருந்து மண்ணைத் தட்டி முடித்த பிறகுதான் மேற்கொண்டு பேசினார். "எங்க, இப்ப கண்ணாடி இல்லாம நேரா படிங்க."

மீட்டர்காரர் கண்ணாடியைத் தரையில் வைத்தார். முட்டி போட்டுத் தலையைக் குழிக்குள் விட்டார். எண்கள் ஈரத்தில் விழுந்த மை போல இருந்தன. சோதனை தொடங்குவதற்கு முன் கண்ணாடியைச் சாய்த்தபோதே அந்த ஐந்து எண்ணும் அவர் மனதில் ஏறிவிட்டிருந்தன. வீட்டில் குழாய் எதையும் யாரும் திறக்கவில்லை. அதை அப்படியே ஒப்பித்தால் போதும். கேப்டனிடமிருந்து வாங்கிய டார்ச்சோடு மேலாளர் அம்மா காத்திருந்தார்.

"தெரியல மேடம்" என்றது குழிக்குள்ளிருந்து குரல்.

ராணுவ மருத்துவமனையில் அவர் கண்ணைப் பரிசோதித்தார்கள். படிவத்தின் இருபத்தாறாம் பக்கம் அதைக் கேட்டது. சுவரில் தொங்கிய அட்டையின் கடைசி வரியைப் படித்ததோடு, அதற்கும் கீழே அட்டையை அச்சடித்த அச்சகத்தின் பெயரையும் முகவரியையும் படித்தார். டாக்டருக்கே அப்படி ஒன்று அங்கே இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அடுத்து, கையில் ஒரு சின்ன அட்டையைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். மீட்டர்காரர் கையை எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டிப் பார்த்துவிட்டு, "டாக்டர், நீங்க இதை வாங்கிட்டுப் போய்க் கதவுகிட்ட நிக்கறீங்களா?" என்றார்.

'தூரப் பார்வை மிக நன்று. கிட்டப் பார்வைக்கு மூக்குக்கண்ணாடி அவசியம்' என்று எழுதி, கேப்டனுக்கு ஒன்றும் வாரியத்துக்கு ஒன்றுமாக அனுப்பிவிட்டார்கள். வெளிச்சத்தைப் பார்த்த கண் நல்ல கண் என்பதற்கும், மீட்டரைப் பார்க்கிற கண் ஆகாத கண் என்பதற்கும் ஒரே தாள்தான் சாட்சி.

வெள்ளிக்கிழமை மேலாளர் அம்மா உத்தரவை டைப் அடித்து வைத்திருந்தார். கடுமையாக ஒன்றும் பேசவில்லை.

"நாலு வருஷ எண்ணெல்லாம் எடுத்துப் பாத்தேன். ஒரு தப்பு இல்ல. அதனாலதான் நடவடிக்கை எதுவும் எழுதல. ஆனா மறைச்சீங்க பாருங்க, அதை நான் எங்க வைக்கறது? ஒண்ணாந் தேதிலருந்து கவுண்டர். மின்விசிறியை மாத்தித் தரச் சொல்லியிருக்கேன்."

"சரி மேடம்."

வீட்டுக்கு வந்து டாக்டர் எழுதிக்கொடுத்து வாங்கிய புது மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மனைவி ஓரக்கண்ணால் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. வாத்தியார் மாதிரி."

"நம்பரைச் சொல்லியிருக்கலாம். மனசுல இருந்துச்சு."

"சொல்லியிருந்தா இன்னிக்கு ராத்திரி தூங்க விட்டிருக்க மாட்டீங்க. அப்படிச் சொல்லிட்டேனே, இப்படிச் சொல்லிட்டேனேன்னு புரண்டுக்கிட்டு கிடந்திருப்பீங்க. எனக்குக் காலையில ஆறு ரவிக்கை தச்சுக் குடுக்கணும்." கொஞ்சம் பொறுத்து, "கவுண்டர்ல ஜன்னல் எந்தப் பக்கம் பாத்து இருக்கு?" என்று கேட்டார்.

"சுவரைப் பாத்து."

அந்த அம்மாள் ஊசியையும் நூலையும் அவரிடம் நீட்டினார்.

மாதம் முடிய மூன்று நாள் இருக்கும்போது கேப்டன் மறுபடி வாரியத்துக்கு வந்தார். மேலாளர் அம்மா மீட்டர்காரரையும் அறைக்குக் கூப்பிட்டார். கேப்டன் உட்காராமல் நின்றபடியே ஒரு கடிதத்தை மேசைமேல் வைத்தார்.

மேலாளர் அம்மா படித்தார். முதலிலிருந்து மறுபடி படித்தார். அப்புறம் மேசையைத் துடைத்தார்.

"விசாரணை முடியலங்கறீங்களா?"

"அஞ்சு கட்டத்துல எதுலயும் குறி போட முடியல மேடம். நாலை ஏற்கெனவே அடிச்சாச்சு. அஞ்சாவதையும் எங்க டாக்டரே அடிச்சிட்டாரு. வெளிச்சம் இருந்திருக்கு. என்னன்னு தெரியல. தெரியற வரைக்கும் கோப்பு திறந்துதான் இருக்கும்."

"அதுக்கும் இவரோட மாறுதலுக்கும் என்ன சம்பந்தம்?"

"விதி பதினேழு. கோப்பு திறந்திருக்கற வரைக்கும் சாட்சியை அதே இடத்துல, அதே வேலையில, அதே நேரத்துக்கு வச்சிருக்கணும். மறுபடி தெரிஞ்சா ஒப்பிட்டுப் பாக்கறதுக்கு."

"இது எப்ப முடியும்?"

"வெளிச்சம் என்னன்னு தெரிஞ்சதும். மறுபடி ஒரு தடவை தெரிஞ்சாக் கண்டுபிடிச்சிடலாம்."

"தெரியலன்னா?"

கேப்டன் யோசித்தார். அந்தக் கேள்விக்குப் படிவத்தில் இடமில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "ஆறு மாசத்துக்கு ஒருதரம் நான் வந்து கேப்பேன்" என்றார்.

மேலாளர் அம்மா மாறுதல் உத்தரவை இழுப்பறையில் போட்டு மூடினார். வாசல்வரை கூடப் போன மீட்டர்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"பெரிய உதவி பண்ணீங்க சார்."

"உதவி எதுவும் இல்ல" என்றார் கேப்டன். "விதி பதினேழு." ஜீப்பில் ஏறியவர் என்ன நினைத்தாரோ, தலையை வெளியே நீட்டி, "பட்டாணிங்கறதை சேத்து எழுதிட்டோம். படிவத்துல இடம் பண்ணச் சொல்லி மேல எழுதியிருக்கேன்" என்றார்.

ஒன்றாம் தேதி காலை எட்டு மணிக்கு மீட்டர்காரர் தோள்பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். மூக்குக்கண்ணாடியோடு முதல் வாரம் தடுமாற்றம்தான். நேராகத் தெரியும் எண்ணை மனசு தானாகத் திருப்பிப் போட, ஒவ்வொரு எண்ணையும் இரண்டு தடவை பார்க்க வேண்டியிருந்தது. வாரம் போனதும் பழகிவிட்டது. கேப்டன் சொன்னபடி ஆறு மாதத்துக்கு ஒருதரம் வருகிறார். குண்டூசி இருக்கிறதா என்று நாற்காலியைத் தடவிப் பார்த்துவிட்டு உட்கார்ந்து, "மறுபடி ஏதாவது பாத்தீங்களா?" என்று கேட்கிறார். "இல்ல சார்" என்கிறார் இவர். சார்ஜென்ட் எழுதிக்கொள்கிறார். தேநீர் குடித்துவிட்டுப் போகிறார்கள்.

சொல்வது பொய் இல்லை. ராணுவக் குடியிருப்பு வரிசைக்குப் போகிற சாயங்காலங்களில் மீட்டர்காரர் மழை இல்லாவிட்டாலும் குடையை விரித்துக்கொள்கிறார். பார்வை காலடியைத் தாண்டுவதில்லை. தெருக்கோடிக் கடையில் பட்டன் வாங்கிக்கொண்டு ஒருநாள் கூட நடந்து வந்த மனைவி அதைக் கவனித்துவிட்டார்.

"என்ன வேஷம் இது? ஊரே உங்களைப் பாக்குது. ஒரு தடவை நிமிந்து பாத்தாத்தான் என்ன?"

"பாத்தா எழுதணும்" என்றார் மீட்டர்காரர். குடையை இன்னும் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டார்.